அனுபவம் சோறு போடுமா?

2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சுவிட்ஜர்லாந்து தேசத்து ஜெனீவா நகரம். உலகத்துக் கோடீஸ்வரர்கள் பணத்தைப் பத்திரமாகப் பூட்டி வைக்கும் பாங்கிகள் வரிசை வரிசையாக நிற்கும் ஊர் அது. அந்த ஊர் ஏரிக்கரையில் ஒரு நாள் சின்னஞ்சிறு கூடாரம் ஒன்று முளைத்தது. உள்ளே படுத்திருந்தவன் நாடோடி அல்ல. ஊர் பார்க்க வந்த சீமான் வீட்டுப் பிள்ளையும் அல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் ஜெனீவா காரியாலயத்தில் வேலை செய்து வந்த 22 வயது வாலிபன்! நியூஜிலாந்து நாட்டவன். காலையில் எழுந்து உடுப்பு மாற்றிக்கொண்டு சபைக்குப் போவான். மாலையில் கூடாரத்துக்குத் திரும்புவான். ஏன் இப்படி? அறை வாடகை கொடுக்கக் காசில்லை. வேலை செய்கிறவனிடம் ஏன் காசில்லை? சபை அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை!

ஆம், தோழர்களே! சம்பளம் பாக்கி என்பதல்ல. குறைத்துக் கொடுத்தார்கள் என்பதும் அல்ல. ஒரு காசு கூடக் கிடையாது. அதுதான் விதி. அந்த வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘இண்டர்ன்’. நம் மில் பாஷையில் சொன்னால் அப்ரண்டிஸ். மேல்படிப்புப் படிக்கிற மாணவனோ, படித்து முடித்து ஒரு வருஷத்துக்குள் இருக்கிறவனோ இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை அங்கே போய் வேலை பழகலாம். கப்பலோ விமானமோ, பிரயாணச் செலவு அவனுடையது. விசா செலவு அவனுடையது. வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் அவனுடையது. நோய் நொடி வந்தால் அதற்கும் அவனே இன்ஷூரன்ஸ் எடுத்து அத்தாட்சி காட்ட வேண்டும். உழைப்பு மட்டும் சபையுடையது!

இன்னொரு விதியையும் கேளுங்கள். ஆறு மாதம் இலவசமாக உழைத்துவிட்டால் நிரந்தர உத்தியோகமாவது கிடைக்குமோ என்று நீங்கள் எண்ணலாம். 2014ஆம் ஆண்டு விதிப்படி, பயிற்சி முடிந்தபின் ஆறு மாதம் வரை சபையின் உயர்தர உத்தியோகங்களுக்கு அவன் மனுப் போடவே கூடாது. மாட்டை ஏரில் பூட்டி உழுதுவிட்டு, உழுத வயலில் ஆறு மாதம் கால் வைக்காதே என்று விரட்டுவது போல!

இந்தக் கூத்து நடந்தது ஏதோ மூலையிலுள்ள பட்டறையில் அல்ல என்பதுதான் முக்கியம். நடந்த இடம் ஒரு மாளிகை. ஏரியைப் பார்த்தபடி பெரிய பூங்கா ஒன்றின் நடுவே எழும்பி நிற்கிறது அது. பூங்காவை ஊருக்கு எழுதி வைத்த தனவந்தர், மயில்கள் அங்கே தங்குதடையின்றி உலவ வேண்டும் என்று விரும்பினாராம். இன்றைக்கும் மயில்கள் புல்வெளியில் சுகமாக உலவுகின்றன. மயிலுக்கு இடமுண்டு. பயிற்சி மாணவனுக்கு மட்டும் ஏரிக்கரை!

அதே ஊரில்தான் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் இருக்கிறது. 1919இல் பிறந்த ஸ்தாபனம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஆலைகளுக்கு எல்லைக் கோடு போட்ட முதல் ஒப்பந்தம் அதனுடையது. இந்தியா 1921இல் அதை ஏற்றது. 1948 டிசம்பர் 10ந் தேதி பாரிஸில் ஐ. நா. சபை நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனத்தையும் எடுத்துப் பாருங்கள். அதன் 23ஆவது ஷரத்து என்ன சொல்கிறது? உழைக்கும் எவருக்கும், அவரும் அவர் குடும்பமும் மனிதராக மானத்தோடு வாழும்படியான நியாயமான ஊதியம் வேண்டும் என்கிறது. சம வேலைக்குச் சம கூலி என்கிறது. சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்கிறது. நல்லது. அந்தப் பிரகடனத்தை உலகத்து மூலைமுடுக்கெல்லாம் பரப்புவதற்கான அறிக்கைகளுக்குத் தகவல் திரட்டவும், குறிப்பெழுதவும், கூட்டத்துக்குக் காகிதம் அடுக்கவும் கூலியில்லாத மாணவர்கள்! ஊருக்கு உபதேசம் செய்கிறவர் தம் வீட்டுக் கணக்கை ஒரு நாள் புரட்டிப் பார்க்கக் கூடாதா?

ஜெனீவா மாகாண மக்கள் 2020 செப்டம்பரில் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பொதுவாக மணிக்கு 23 பிராங்குக்குக் குறைவாகக் கூலி கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அன்றைய மதிப்பில் நம் பணம் சுமார் ரூ.1,850. படித்தவுடன் மலைத்துப் போகாதீர்கள். அந்த ஊர் விலைவாசியில் அது மானமாக உயிர் வாழ்வதற்கான தொகை, அவ்வளவே. ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவரும், கட்டடம் கூட்டுகிறவரும் அதைப் பெறும் உரிமையுள்ளவர். ஆனால் ஐ. நா. மாளிகையின் வேலியைத் தாண்டிவிட்டால் மாகாணச் சட்டம் செல்லாது. சர்வதேச ஸ்தாபனம் அல்லவா? உள்ளூர்ச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு! தட்டுக் கழுவுகிற தோழருக்கு இருக்கிற காப்பு, உலக சமாதானத்துக்கு அறிக்கை தயாரிக்கிற மாணவனுக்கு இல்லை.

கூடாரத்து விஷயம் அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்தது. பிறகு உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. ஜெனீவா ஜனங்கள், நம் வீட்டில் வந்து தங்கு என்று அந்த வாலிபனை அழைத்தார்கள். (ஏழை பாழைகளின் ஊரானாலும் பணக்காரர் ஊரானாலும் சாதாரண ஜனங்களின் மனசு அப்படித்தான் இருக்கிறது.) அவன் அங்கே போய்க் குந்திக்கொள்ளவில்லை. வேலையை ராஜினாமா செய்தான். மாளிகை வாசலில் நின்று, விதியெல்லாம் எனக்கு முன்பே தெரியும், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் இது நியாயமான முறை அல்ல என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான்.

பிறகு இன்னொரு உண்மையும் வெளியாயிற்று. அதையும் நாம் மறைக்கப் போவதில்லை. கூடாரம் போட்டது தற்செயலாக நேர்ந்த கதி மட்டும் அல்ல. சம்பளமில்லா வேலையை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவரத் தான் யோசித்தே செய்த காரியம் என்று அவனே எழுதினான். அதைப் பற்றிச் சினிமாப் படமும் எடுத்தார்கள். அவ்வளவுதான்! கனவான்கள் துள்ளிக் குதித்தார்கள். ‘பார்த்தீர்களா, வெறும் நாடகம்!’ என்றார்கள். நாம் கேட்கிறோம்: கூடாரம் நாடகம் என்றே வைத்துக்கொள்வோம். சம்பளமில்லை என்பது நாடகமா? வாடகை நாடகமா? விதிப் புத்தகம் நாடகமா? மில் கேட்டில் நாம் உண்ணாவிரதம் இருந்தால் அதையும் நாடகம் என்றுதான் மானேஜர் சொல்கிறார். வாயைத் திறந்து சொன்னால் பத்திரிகையில் இடமில்லை. கூடாரம் போட்டால் நாடகம்! ஆறு மாதம் சத்தமில்லாமல் பட்டினி கிடந்திருந்தால்தான் உண்மை என்று ஒப்புவார்கள் போலிருக்கிறது.

‘அவன் விருப்பப்பட்டுத்தானே வந்தான்?’ இதுதான் எதிர்த்தரப்பாரின் பிரமாஸ்திரம். இந்த அஸ்திரம் நமக்குப் புதிதல்ல. நம் மில் கேட்டில் விடியற்காலையில் பதிலி வேலைக்கு நிற்கிறவனை எவரும் கயிறு கட்டி இழுத்து வருவதில்லை. வயிறு இழுத்து வருகிறது. நடவுக்கு நாலு மைல் நடந்து வருகிற பெண்ணும் ‘விருப்பப்பட்டு’த்தான் வருகிறாள். மாணவனை எது இழுத்து வருகிறது? உத்தியோகம் கேட்டுப் போனால் ‘முன் அனுபவம் உண்டா?’ என்கிறார்கள். அனுபவம் வேண்டுமானால் வேலை செய்ய வேண்டும். வேலை வேண்டுமானால் அனுபவம் வேண்டும். இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றி வருகிறவனிடம், ‘சும்மா வேலை செய், அனுபவச் சீட்டுத் தருகிறோம்’ என்கிறார்கள். அனுபவம்தான் சம்பளமாம்! அனுபவத்தை வாங்கிக்கொண்டு எந்தக் கடைக்காரனாவது ஒரு படி அரிசி கொடுப்பானா?

இங்கே நம் வாசகத் தோழர் ஒருவர் முகம் சுளிப்பது நமக்குத் தெரிகிறது. ‘வெளிதேசம் போய் உத்தியோகம் பழகுகிற வீட்டுப் பிள்ளைகளுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்? அவன் கூடாரத்தை மடித்துக்கொண்டு ஊருக்குப் போனால் அப்பன் வீட்டில் சோறு இருக்கும். நம் வீட்டில் கூரையே இல்லையே?’ கேள்வி சரி. கண்ணீர் விடச் சொல்லி நாம் எழுதவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொல்லி எழுதுகிறோம்.

அப்பன் வீட்டில் பணம் இருக்கிறவன் மட்டும்தான் அந்த வாசலுக்குள் நுழைய முடியும். இதுதான் கணக்கு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நாற்றுப் பறிக்கிற ஒரு தாயின் மகள் அரைப் பட்டினி கிடந்து சட்டம் படித்து முதல் வகுப்பில் தேறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ ஆறு மாதம் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தும் விடுகிறார்கள். விமானச் சீட்டு யார் வாங்குவது? ஆறு மாத வாடகை யார் கட்டுவது? இங்கே தாய்க்கு யார் கூலி அனுப்புவது? அந்தப் பெண் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். அவள் இடத்தில் வேறொருத்தி போவாள்; தகப்பனார் பாங்கியில் பணம் போட்டு அனுப்புவார். பத்து வருஷம் கழித்து அவள் பெரிய அதிகாரி. விவசாயத் தொழிலாளியின் பட்டினியைப் பற்றி அறிக்கை எழுதுவாள். கெட்ட எண்ணத்தோடு எழுதுவாள் என்று நாம் சொல்லவில்லை. வாழ்நாளில் ஒரு நாளும் சேற்றில் காலை வைக்காமல் எழுதுவாள். நம் வாழ்க்கையைப் பற்றிய விதிகளை எழுதும் மேஜையில் நம் பிள்ளைக்கு நாற்காலி இல்லாமல் செய்ய, ‘கூலிக்காரன் மகள் உள்ளே வராதே’ என்று பலகை மாட்ட வேண்டியதில்லை. ‘சம்பளம் கிடையாது’ என்ற ஒரு வரி போதும்!

சம்பளம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமோ? லண்டன் மாநகரத்துக்குப் போவோம். அங்கேயும் கோடைகாலத்தில் பெரிய பெரிய பாங்கிகள் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கின்றன. கஞ்சத்தனம் இல்லை, கை நிறையவே கொடுக்கிறார்கள். ஆனால் நேரம்? இரவெல்லாம் மேஜை முன் உட்கார்ந்த மாணவனை விடியும்போது டாக்ஸி ஏற்றிப் போகும். டாக்ஸி தெருவிலேயே நிற்கும். அவன் மாடியேறிக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு அதே டாக்ஸியில் பாங்கிக்குத் திரும்புவான். இதற்குப் பையன்கள் வேடிக்கையாக ஒரு ராட்டினத்தின் பெயரே வைத்திருந்தார்களாம். 2013 ஆகஸ்டில், அமெரிக்க பாங்கி ஒன்றின் லண்டன் காரியாலயத்தில் பயிற்சி பெற்ற 21 வயது ஜெர்மன் மாணவன், தான் தங்கியிருந்த விடுதியின் குளியலறையில் இறந்து கிடந்தான். மூன்று இரவுகள் தூங்காமல் வேலை செய்தான் என்று பத்திரிகைகள் எழுதின. விசாரணை அதிகாரி, வலிப்பு நோயால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்புச் சொன்னார்; களைப்பு அதைத் தூண்டியிருக்கலாம், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அந்தத் தீர்ப்பைத் தாண்டி ஒரு வார்த்தை நாமும் சொல்லவில்லை.

ஆனால் அதன் பின் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாங்கி உலகம் யோசித்தது. இரண்டு வருஷம் யோசித்தது! 2015 ஜூனில் கோல்ட்மன் சாக்ஸ் என்ற மகா பாங்கி தன் பயிற்சி மாணவருக்கு ஒரு சீர்திருத்தம் அறிவித்தது. நள்ளிரவுக்கு முன் காரியாலயத்தை விட்டுப் போய்விட வேண்டும். காலை 7 மணிக்கு முன் திரும்பி வரக் கூடாது. அதாவது ஒரு நாளைக்கு 17 மணி நேரம்! மறுபடியும் படியுங்கள்: பதினேழு. இது கருணையின் பேரால் செய்த சலுகை. 1886இல் சிக்காகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேரம் கேட்டு ரத்தம் சிந்தினார்கள். 129 வருஷம் கழித்து, உலகத்தின் மிகப் பெரிய பணப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன், 17 மணி நேரத்தை எஜமானின் தயவு என்று வாங்கிக்கொள்கிறான். கழுத்துப்பட்டை மாட்டியிருப்பதால் ‘நான் தொழிலாளி அல்ல’ என்று நினைக்கிறான். சங்கம் அவனுக்கு அசிங்கம். முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

எல்லா மாணவரும் அப்படி நினைத்துவிடவில்லை. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். பெரிய நகரம் அல்ல, பால்மைரா என்ற சிற்றூர். அங்கே ஹெர்ஷி சாக்லேட் கட்டி அனுப்பும் ஒரு பெரிய கிடங்கு. சீனா, நைஜீரியா, ருமேனியா, உக்ரேன் முதலிய தேசங்களிலிருந்து கல்லூரி மாணவர்கள் வந்து இறங்கினார்கள். எஞ்சினீயரிங் படிக்கிறவர், வைத்தியம் படிக்கிறவர். ‘கலாசாரப் பரிவர்த்தனை’ என்ற விசாவில் அமெரிக்க சர்க்காரே அனுமதித்து வந்தவர்கள். கோடை விடுமுறையில் வேலை செய், இங்கிலீஷ் பழகு, அமெரிக்காவைச் சுற்றிப் பார் என்று ஆசை காட்டப்பட்டவர்கள். வருவதற்கே ஆளுக்கு 3,000 முதல் 6,000 டாலர் வரை கட்டியிருந்தார்கள். வந்து கண்ட கலாசாரம் என்ன? ஓடுகிற பெல்ட்டிலிருந்து கனமான பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அடுக்குவது. பலருக்கு ராத்திரி ஷிப்டு. சம்பளத்தில் வாடகையைக் கம்பெனியே பிடித்துக்கொண்டது. மிச்சத்தில் கட்டிய பணம் கூடத் தேறாது என்று தெரிந்துபோயிற்று.

யாரிடம் நியாயம் கேட்பது? சாக்லேட்டில் பெயர் ஹெர்ஷியுடையது. கிடங்கை நடத்துவது இன்னொரு கம்பெனி. ஆள் சப்ளை செய்வது மூன்றாவது கம்பெனி. விசா ஏற்பாடு நான்காவது ஸ்தாபனம். கண்டிராக்டர் வித்தையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை! ஆனால் அந்தப் பிள்ளைகள் மலைத்து நிற்கவில்லை. பாஷை வேறு, தேசம் வேறு. இருந்தும் நூற்றுக் கணக்கில் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து கோஷம் போட்டார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். அதோடு நிற்கவில்லை. இந்த வேலையை, வாழத் தக்க கூலியோடு, வேலையில்லாமல் தவிக்கும் இந்த ஊர்த் தொழிலாளிக்கே கொடு என்றார்கள்! உள்ளூர்க்காரன் கூலியை உடைப்பதற்கே தங்களை இறக்கியிருக்கிறார்கள் என்பதை இரண்டு மாதத்தில் புரிந்துகொண்டார்கள். உள்ளூர்த் தொழிற்சங்கத்தாரும் அவர்களோடு நின்றார்கள். 2012 நவம்பரில் அமெரிக்கத் தொழில் இலாகா தலையிட்டதன் பேரில், 1,028 அயல்நாட்டு மாணவர்களுக்கு 2,13,000 டாலருக்கு மேல் கூலிப் பாக்கி தரக் கம்பெனிகள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தலைக்குக் கணக்கிட்டால் 200 டாலர் சொச்சம். கட்டிய பணத்துக்கு முன் அது கொசுறு. ஆனாலும் ‘கலாசாரம்’ என்று சொன்னது கூலி வேலை என்பதும், கூலியில் கை வைத்தார்கள் என்பதும் சர்க்கார் ஏட்டில் ஏறிவிட்டது.

ஜெனீவாவிலும் பயிற்சி மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சபை வாசலுக்கு எதிரே ஒரு கால் முறிந்த பிரம்மாண்டமான மர நாற்காலி நிற்கிறது; கண்ணி வெடியில் கால் இழந்தவர்களின் நினைவாக 1997இல் வைத்தது. அந்த மைதானத்தில் கூடி, செய்யும் வேலைக்கு ஊதியம் கேட்டார்கள். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020 முதல் தன் பயிற்சி மாணவருக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. தொழிலாளர் ஸ்தாபனம் அதற்கும் முன்பிருந்தே கொடுத்து வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்தும் பெரிய வீடு கொடுக்காமல் இருந்ததற்குப் பணமில்லை என்ற சாக்குச் செல்லுமா?

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்லர் என்று அது சொல்கிறது. உதவித்தொகையும் சுகாதாரப் பாதுகாப்பும் அந்தச் சட்டமே தனியாகத் தருகிறது. மற்றத் தொழிற் சட்டங்கள் அவரைத் தீண்டா. தொழில் பழக வருகிற பையனுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் இந்த ஒரு வார்த்தையை வைத்து மில் முதலாளிகள் செய்ததென்ன? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமான பெயர் சூட்டினார்கள். கிராமத்து ஏழைப் பெண்களை மில்லுக்குள்ளேயே விடுதியில் அடைத்து, மூன்று வருஷம் ‘பயிற்சி’ என்றார்கள். முடிவில் கல்யாணத்துக்கு ரூ.30,000, ரூ.50,000 என்று மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். ரிங் பிரேமில் சைடு பார்க்கப் பழக மூன்று வருஷமா? சில மாதத்தில் அந்தப் பெண்கள் பழைய தொழிலாளிக்குச் சமமாக நூல் எடுத்தார்கள். மெஷினுக்கு அவர்கள் தொழிலாளி. கூலிப் பட்டியலில் மட்டும் பயிற்சியாளர்! உடம்பு முடியாமல் நடுவில் வெளியேறிய எத்தனையோ பெண்களுக்கு மொத்தத் தொகை கைக்கு வரவில்லை.

ஏரிக்கரைக் கூடாரமும் மில் விடுதியும் ஒன்றென்று நாம் சொல்ல மாட்டோம். அந்த வாலிபன் மாளிகை வாசலில் ராஜினாமா கொடுத்துவிட்டு நடந்தான். நம் பெண்களுக்கு விடுதி கேட்டைத் தாண்டவே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் கூலியை விழுங்கிய சொல் ஒன்றுதான்.

ஆகவே தோழர்களே, உங்கள் மில்லில், உங்கள் பட்டறையில், உங்கள் ஊர் நெல் அரவை ஆலையில் ‘பயிற்சி’ என்ற பெயரில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? எத்தனை மாதமாக இருக்கிறார்கள்? நிரந்தரத் தொழிலாளி செய்கிற வேலையைச் செய்கிறார்களா? கைக்கு வருவது எவ்வளவு? அவர்களோடு பேசுங்கள். கல்லூரிப் பையனாயிருந்தால், இவன் நம் ஆள் அல்ல என்று ஒதுக்காமல் டீக்கடைக்குக் கூட்டிப் போய்ப் பேசுங்கள். விவரத்தைச் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். நமக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மில் பெயர், ஷிப்டு நேரம், தொகை மூன்றும் தெளிவாக இருக்கட்டும். எழுதியவர் பெயரை நாம் வெளியிட மாட்டோம்.